பெயர் இழந்த தொகுதி



ஆறு தடம் மாறுவதுண்டு. அரசுகள் வீழ்வதுண்டு. கடல் கொண்ட ஊர்களைப் பற்றியும் நாம் படித்திருக்கிறோம். ஆனால் ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, மக்களும் இருக்க, வயலும் வரப்பும் கோயிலும் குளமும் இருக்க, அவ்வூரின் பெயர் மட்டும் இந்தியப் பாராளுமன்றத் தொகுதிகளின் பட்டியலிலிருந்து மறைந்துபோன கதையை நீங்கள் அறிவீர்களா?

அந்த ஊர் புதுக்கோட்டை. 1952 முதல் 2004 வரை நடந்த 14 பொதுத் தேர்தல்களிலும் தனக்கென ஒருவரைத் தேர்ந்து டில்லிக்கு அனுப்பிய தொகுதி அது. 2008இல் அது கலைக்கப்பட்டது. மாவட்டம் நான்கு கூறாக்கப்பட்டு, அண்டையிலுள்ள நான்கு தொகுதிகளோடு ஒட்டப்பட்டது. நான் அம்மாவட்டத்திலிருந்து மைசூருக்கு வந்தவன், 23 வயதினன், முதுகலை வகுப்பில் விஞ்ஞானம் பயில்பவன். எனக்கு வாக்குரிமை வந்த நாளில் புதுக்கோட்டை என்றொரு பாராளுமன்றத் தொகுதி இல்லை.

“சொந்த ஊர்ப் பாசம் பேசுகிறது” என்று சிலர் நகைக்கக் கூடும். பாசம் இல்லாமலில்லை. ஆயினும் நான் இங்கே எடுத்துரைக்க விரும்புவது ஒரு கணக்கு. அக்கணக்கு புதுக்கோட்டையாருக்கு மட்டும் உரியதன்று. தமிழருக்கு மட்டும் உரியதுமன்று. நமக்கு இடமளித்திருக்கும் கன்னட நாட்டு நண்பர்களும் கேட்க வேண்டிய கணக்கு அது.

சமஸ்தானமும் தொகுதியும்

புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனிச் சமஸ்தானம். வெள்ளையர் ஆட்சிக் காலத்திலும் ‘அம்மன் காசு’ என்னும் தன் நாணயத்தை வழங்கிய நாடு. 1948 மார்ச்சில் அது சென்னை மாகாணத்தோடு இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. மீண்டும் தனி மாவட்டமாக அது எழுந்தது 1974 ஜனவரி 14இல்தான். இடைப்பட்ட 26 ஆண்டுக் காலம் புதுக்கோட்டைக்கு மன்னரும் இல்லை, மாவட்டமும் இல்லை. அக்காலத்தில் டில்லியில் அந்நாட்டின் பெயரைத் தாங்கி நின்றது எது? பாராளுமன்றத் தொகுதி ஒன்றே!

சபையில் எழுந்து பேசுவதற்குப் பேர்போன மண் அது. மத்திய சட்டசபையில் வெள்ளை அரசினரைக் கேள்விகளால் திணறடித்த தீரர் சத்தியமூர்த்தி 1887இல் பிறந்தது திருமயத்தில். சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவராய் அமர்ந்து, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886இல் பிறந்தது புதுக்கோட்டையில். பெண்களுக்குக் கல்லூரிக் கதவு அடைபட்டிருந்த நாளில் அவர் போராடி நுழைந்து படித்ததும் அவ்வூர் மகாராஜா கல்லூரியில்.

இத்தகைய மண்ணின் வாக்காளர் எந்தக் கட்சிக்கும் நிரந்தரமாகத் தலையாட்டியவர் அல்லர். நாடெங்கும் காங்கிரஸ் அலை வீசிய 1952இல் அவர்கள் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் முத்துசாமி வல்லத்தரசைத் தேர்ந்தார்கள். 1957இல் காங்கிரசுக்கு வாய்ப்புத் தந்தார்கள். 1962இலும் 1967இலும் பொதுவுடைமையாளர் ஆர். உமாநாத்தை அனுப்பினார்கள். இந்த உமாநாத் யார்? காசர்கோட்டுப் பக்கத்தில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்து, படிப்பை விட்டு இயக்கத்தில் குதித்தவர். வேற்று மண்ணில் பிறந்த ஒருவரை ‘நம்மவர்’ என்று இரு முறை தேர்ந்த பெருந்தன்மை புதுக்கோட்டையாருடையது. வேற்று மண்ணில் வந்து பயிலும் நாம் இதை எண்ணிப் பெருமிதம் கொள்ளலாம். 1971இல் தி.மு.க.; 1977இல் அ.தி.மு.க.; 1980 முதல் 1991 வரை மீண்டும் காங்கிரஸ்; 1996இல் தி.மு.க.வின் திருச்சி சிவா, 1999இல் திருநாவுக்கரசர், 2004இல் ரகுபதி. இறுதியாகச் சொன்ன இருவரும் மத்திய மந்திரி சபையிலும் இடம் பெற்றனர்.

ரகுபதியோடு அந்த வரிசை முடிந்தது. மக்கள் முடித்ததன்று, ஓர் ஆணை முடித்தது.

ஆறும் நான்கும்

2002இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, உச்ச நீதிமன்ற நீதிபதியாயிருந்த குல்தீப் சிங் தலைமையில் தொகுதி மறுவரையறை ஆணையம் அமைந்தது. அதன் முடிவு 2008 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் இவ்வாறு பங்கிடப்பட்டன: புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிராப்பள்ளிக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, விராலிமலை கரூருக்கு, அறந்தாங்கி இராமநாதபுரத்திற்கு.

இனி நான் சொன்ன கணக்குக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிகள் 234; பாராளுமன்றத் தொகுதிகள் 39. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஆறு. ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தால் ஒரு பாராளுமன்றத் தொகுதி என்பதே அங்குள்ள முறை. புதுக்கோட்டை மாவட்டத்தில் எத்தனை? சரியாக ஆறு! ஒன்று கூடவுமில்லை, ஒன்று குறையவுமில்லை.

மக்கள் தொகையையும் பார்ப்போம். ஆணையம் கொண்ட கணக்கு 2001ஆம் ஆண்டினது. அவ்வாண்டில் தமிழ்நாட்டின் மக்கள் 6,24,05,679 பேர். 39ஆல் வகுத்தால் தொகுதி ஒன்றுக்குச் சராசரி 16 இலட்சம். புதுக்கோட்டை மாவட்டத்தின் மக்கள் 14,59,601 பேர். சராசரிக்கு ஏறத்தாழ 9 சதவீதம் குறைவு, அவ்வளவே. ஆய்வுக்கூடத்தில் இத்தகைய வேறுபாட்டைக் கண்டால் கருவியை உடைத்துப் போடுவோமா?

தனித் தொகுதியாகத் தகுதி பெற்ற மாவட்டம், நான்கு தொகுதிகளில் வாலாகத் தொங்குகிறது. திருச்சியில் ஆறில் இரண்டு, சிவகங்கையில் ஆறில் இரண்டு, கரூரில் ஆறில் ஒன்று, இராமநாதபுரத்தில் ஆறில் ஒன்று. எந்த இடத்திலும் பாதியில்லை. எந்த உறுப்பினரும் புதுக்கோட்டையின் தயவில் மட்டும் வெற்றி பெறுவதில்லை. புதுக்கோட்டையின் கோபத்தால் மட்டும் தோற்பதுமில்லை.

“ஒருவர் போய் நால்வர் வந்தனர், இலாபந்தானே?” என்று கேட்பார் உண்டு. நல்ல கேள்வி. நானும் எண்ணிப் பார்த்தேன். காந்தத்தை ஒடித்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு காந்தமாகும். ஆனால் ஒரு வண்டிச் சக்கரத்தை நான்காக அறுத்தால் நான்கு சக்கரம் கிடைக்குமோ? மாவட்டத்தின் துயரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் மக்கள் போராடினார்கள். அது ஆலங்குடிப் பகுதி. எனவே சிவகங்கை உறுப்பினரின் பொறுப்பு. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர் இலங்கைக் கடற்படையிடம் சிறைப்படுகின்றனர். அது அறந்தாங்கிப் பகுதி. எனவே இராமநாதபுரம் உறுப்பினரின் பொறுப்பு. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தாழ்த்தப்பட்டோர் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமை நடந்தது. அது கந்தர்வகோட்டைப் பகுதி. எனவே திருச்சி உறுப்பினரின் பொறுப்பு. கலெக்டர் ஒருவர், மாவட்டம் ஒன்று, ஆனால் அதற்காக டில்லியில் எழ வேண்டிய குரல் நான்காகச் சிதறிக் கிடக்கிறது. நால்வரும் நல்லவராகவே இருக்கலாம். நால்வருக்கும் புதுக்கோட்டை ஓரம். ஒருவருக்கும் அது நடுவன்று. கேள்வி நேரத்தின் வேங்கை பிறந்த திருமயத்திற்கு வந்த நிலை இது!

மக்கள் வாளா இருந்தார்களா? இல்லை. 2009 தேர்தலில் புதுக்கோட்டைப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் 49-ஓ என்னும் விதியைக் கையாண்டனர். அன்று நோட்டாப் பொத்தான் கிடையாது; உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அது வந்தது 2013இல். அதற்கு முன் ‘எவருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை’ என்று சொல்ல, சாவடி அதிகாரியின் பதிவேட்டில் எல்லோரும் காணக் கையொப்பமிட வேண்டும். இரகசிய வாக்குரிமையை விட்டுக்கொடுத்தேனும், “எங்கள் தொகுதி எங்கே?” என்று கேட்டவர்கள் அவர்கள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை விடையில்லை.

குடகு காட்டும் பாடம்

மைசூரிலிருந்து மேற்கே மலையேறினால் குடகு. நம்மில் பலர் விடுமுறையில் சென்று வந்த நாடு. அதற்கும் ஒரு காலத்தில் தனிப் பாராளுமன்றத் தொகுதி இருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1952 தேர்தலின்போது குடகு தனி இராச்சியம், சி. எம். பூணச்சா அதன் முதலமைச்சர். 1951 கணக்குப்படி அதன் மக்கள் 2,29,405 பேரே. ஆயினும் இராச்சியம் என்ற முறையில் லோக் சபையில் ஓர் இடம் பெற்றது. 1956 நவம்பர் 1இல் குடகு மைசூர் இராச்சியத்தோடு இணைந்தது. அத்தோடு அந்தத் தனித் தொகுதியும் போயிற்று. பின்னர் நெடுங்காலம் மங்களூரோடு சேர்ந்திருந்து, 2008 முதல் மைசூர்த் தொகுதியோடு சேர்ந்துள்ளது. அத்தொகுதியின் எட்டுச் சட்டமன்றப் பகுதிகளில் மடிக்கேரி, விராஜ்பேட்டை என்னும் இரண்டு குடகினுடையவை.

குடகு நண்பர்கள் மனக்குறைப்படுவது இயற்கை. ஆனால் கணக்கு அவர்களுக்கு எதிராக நிற்கிறது. 2001இல் குடகின் மக்கள் 5,48,561 பேர். கர்நாடகத்தில் தொகுதி ஒன்றுக்குச் சராசரி ஏறத்தாழ 18.9 இலட்சம். சராசரியில் கால் பங்குக்குச் சற்று மேல். கிடைத்ததும் எட்டில் இரண்டு. எண் போதாமையால் இழந்தது குடகு. எண் இருந்தும் இழந்தது புதுக்கோட்டை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, “எல்லாம் மக்கள் தொகைக் கணக்கு” என்று கைகழுவுதல் நேர்மையாகாது. அதே 2008இல் கர்நாடகத்திலும் பழந்தொகுதிகள் மறைந்தன. 1978 இடைத்தேர்தலில் இந்திரா காந்தியை வெற்றி பெறச் செய்த சிக்மகளூர், உடுப்பியோடு ஒன்றாக்கப்பட்டது. கனகபுராத் தொகுதியும் கலைந்தது.

அப்படியானால் எது நேர்மையான அளவுகோல்? என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். ஒரு தொகுதிக்குப் போதிய மக்களுள்ள மாவட்டம் எதுவாயினும், குறைந்தது ஒரு தொகுதியிலேனும் அது பாதிக்கு மேற்பட்ட பங்கு உடையதாயிருக்க வேண்டும். மைசூர் மாவட்டத்தை இதனால் அளந்து பாருங்கள். அதன் பதினொரு சட்டமன்றத் தொகுதிகளில் நான்கு சாமராஜநகருக்கும், ஒன்று மண்டியாவுக்கும் சென்றன. ஆனால் எஞ்சிய ஆறும் மைசூர்த் தொகுதியின் எட்டில் ஆறாக நிற்கின்றன. மாவட்டம் பிரிந்தது, குரல் பிரியவில்லை. புதுக்கோட்டையிலோ மாவட்டமும் பிரிந்தது, குரலும் பிரிந்தது.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிவகங்கை, இராமநாதபுரம், கரூர் ஆகிய அண்டை மாவட்டங்களில் சட்டமன்றத் தொகுதிகள் நான்கு நான்கே. ஆறாக்க ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து வரவு தேவைப்படுகிறது. எவரேனும் ஓரிடத்தில் வெட்டுப்பட்டே தீர வேண்டும். ஆயினும் ஆறில் நான்கைப் புதுக்கோட்டைக்கே ஒன்றாக நிறுத்தி, இரண்டை அண்டையாருக்கு வழங்கியிருந்தாலும் பெயரும் குரலும் பிழைத்திருக்கும். அதனால் வேறெங்கோ ஓர் எல்லை சற்று நகர்ந்திருக்கும். அந்தச் சிறு நகர்வா பெரிது, ஒரு மாவட்டம் முழுவதும் ஓரமாகிப் போவதா பெரிது?

கோடு கிழிப்பவரும் கேள்வி கேட்பவரும்

சட்டம் என்ன சொல்கிறது? தொகுதிகள் இயன்றவரை நெருங்கிய நிலப்பரப்பாக இருக்க வேண்டும். நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதி ஆகியவற்றைக் கருத வேண்டும் என்கிறது. ‘இயன்றவரை’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை ஊர்கள் மூழ்கிவிடுகின்றன! ஒவ்வொரு இராச்சியத்திலிருந்தும் பாராளுமன்ற உறுப்பினர் ஐவரும் சட்டமன்ற உறுப்பினர் ஐவரும் ஆணையத்துக்குத் துணையாக அமர்வர். ஆனால் அவர்களுக்கு வாக்கு இல்லை. முன்வரைவை வெளியிட்டு, பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்டு, அதன் பின்னரே ஆணையம் முடிவு செய்யும். முடிவு வெளியான பின் நீதிமன்றத்தின் கதவும் ஏறத்தாழ அடைபட்டதே. உஜ்ஜயினித் தொகுதி பற்றிய மேகராஜ் கோத்தாரி வழக்கில் 1966இல் உச்ச நீதிமன்றம் அவ்வாறே தீர்ப்பளித்தது. அப்பட்டமான முறைகேடு இருந்தால் ஆராயலாம் என்று 2024இல் அதே மன்றம் கதவைச் சிறிது திறந்து வைத்திருக்கிறது. அந்த இடுக்கில் ஒரு மாவட்டம் நுழைவது அரிது.

ஆகவே பேச வேண்டிய நேரம் ஒன்றே: முன்வரைவு வெளியாகி, முடிவு எழுதப்படுவதற்கு முன்னுள்ள அந்தச் சில வாரங்கள். பெயர் போன பின் புலம்புவது பயிர் கருகிய பின் பாய்ச்சும் நீர்.

அந்த நேரம் நெடுந்தொலைவில் இல்லை. தொகுதிகளின் எண்ணிக்கை 1971 கணக்கில் நிலைநிறுத்தப்பட்டது. 2001இல் வந்த 84ஆம் திருத்தம், 2026க்குப் பிந்திய முதல் கணக்கெடுப்பு வரை அந்த நிலையை நீட்டியது. 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாகக் கொண்டு மக்கள் தொகை எடுக்கப்படும் என்று 2025இல் அறிவிக்கப்பட்டது. குடும்பக் கட்டுப்பாட்டைப் பொறுப்போடு ஏற்ற தென்னாடு அதற்குத் தண்டனையாக இடங்களை இழக்குமோ என்னும் அச்சம் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஒருங்கே எழுந்திருக்கிறது. அச்சம் நியாயமானது, 1962இல் 41 ஆக இருந்த தமிழ்நாட்டின் இடங்கள் 1967இல் 39 ஆனதை நாம் மறக்கவில்லை. ஆனால் தோழர்களே, ‘நமக்கு எத்தனை?’ என்ற பேரொலியில் ‘எவ்வாறு பிரிப்பது?’ என்ற கேள்வி அமுங்கிவிடலாகாது. தமிழ்நாட்டின் 39 குறையாமலே புதுக்கோட்டை மறைந்தது என்பதை நெஞ்சில் நிறுத்துங்கள்.

நம் தலை எங்கே? நம் வாக்கு எங்கே?

வெளியூர் மாணவராகிய நமக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. கணக்கெடுப்பாளர் நம்மை எங்கே எண்ணுவார்? நாம் தங்கியிருக்கும் மைசூரில், விடுதியிலோ வாடகை அறையிலோ எண்ணுவார். ஆனால் நம்மில் பெரும்பாலோரின் பெயர் எந்த வாக்காளர் பட்டியலில் இருக்கிறது? ஊரிலுள்ள பட்டியலில். நம் தலை கர்நாடகத்தின் பலத்தைக் கூட்டுகிறது. நம் வாக்கு தமிழ்நாட்டில் தூங்குகிறது. தேர்தல் நாளில் தேர்வோ செய்முறை வகுப்போ குறுக்கிட்டால் அதுவும் வீணாகிறது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு நிற்கும் புதுக்கோட்டை போன்ற மாவட்டங்கள், எண்ணும்போதும் இளைக்கின்றன, வாக்கிடும்போதும் இளைக்கின்றன.

இதற்கு யாரையும் நோவதில் பயனில்லை. விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர், ஊரிலோ விடுதி இருக்கும் இடத்திலோ ஓரிடத்தில் பெயரைப் பதிந்துகொள்ள வழியுண்டு. எங்கே என்பது அவரவர் விருப்பம். இங்கே பதிந்தால் இவ்வூரின் குடிநீருக்கும் சாலைக்கும் நாமும் பொறுப்பாளிகள் ஆவோம். உமாநாத்தை நம்மவராக ஏற்ற மண்ணின் மக்கள், வந்த மண்ணைத் தம்மதாக ஏற்பது முறைதானே! ஊரில் பதிந்தால், அன்று ஊர் போய் வாக்களிக்கும் உறுதி வேண்டும். இரண்டுமின்றி இருப்பதுதான் தகாது.

இறுதியாக ஒன்று. நம் சங்கத்தில் பேச்சுப் போட்டி நடத்துகிறோம், பொங்கல் விழா எடுக்கிறோம், நன்று. இவ்வாண்டு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, நம் ஒவ்வொருவரின் மாவட்டப் படத்தையும் விரித்து வைத்து, எத்தனை சட்டமன்றத் தொகுதி, எத்தனை மக்கள், எந்தெந்தப் பாராளுமன்றத் தொகுதியில் எவ்வளவு பங்கு என்று கணக்கிட்டு எழுதி வைப்போம். கன்னட நண்பர்களையும் அழைப்போம். குடகினர் தம் கணக்கைச் சொல்லட்டும். முன்வரைவு வரும் நாளில் அக்கணக்குத் தாளே நம் ஆட்சேப மனுவாகும். உணர்ச்சியை மறுப்பது ஆணையத்துக்கு எளிது. சரியான எண்ணை மறுப்பது அரிது.

புதுக்கோட்டையின் பெயர் மீளுமா என்று நான் சோதிடம் கூற மாட்டேன். ஆனால் மற்றொரு மாவட்டம், ‘எண் இருந்தும் இழந்தோம்’ என்று நாளை சொல்லும் நிலை வருமானால், அன்று அதன் பிள்ளைகள் கணக்குத் தெரியாதவர்களாய் இருந்தார்கள் என்ற பழி நம்மேல் வரவேண்டாம்.